காயலாங்கடை ஃபிளாட்ஸ்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

ஜவஹர், சங்கத் தலைவர், முதல் மாடி. வீட்டை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

ஜூலியட், செயலாளர், இரண்டாம் மாடி. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். என் அம்மா.

ஜெசிகா, தரைத்தளம். 'பசுமைக் குழு' என்று எங்களுக்குப் பேர் வைத்தவள்.

காஸ்பர், அவளுக்கு எதிர் வீடு. ஜெசிகா எங்கே இருப்பாளோ அங்கே இருப்பவன்.

ஷரஃபுதீன், மூன்றாம் மாடி. வாடகைக்கு இருப்பவர்.

தல்ஹா, அவர் மகன். கல்லூரியில் கடைசி வருடம்.

மற்ற வீட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர். தலையாட்ட வந்தவர்கள், பேர் தேவையில்லை.

நான், லாய்ட். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தேன்.

இடம் பெசன்ட் நகரில் எங்கள் ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடம். ஞாயிற்றுக்கிழமை, அம்மா சர்ச்சில் பூசை முடிந்து வந்த பிறகு. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார் வாட்ச்மேன் வடிவேலு. பேசவேண்டிய விஷயம் என்று ஜவஹர் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தது, 'வளாகத்துக்குள் வணிக நடவடிக்கை.' உண்மையில் பேசப்போனது ஒன்றுதான். ஷரஃபுதீன் குடும்பம் இந்தக் கட்டடத்தில் இருக்கலாமா, காலி பண்ணவேண்டுமா.

அவர்கள் இருந்த வீட்டின் சொந்தக்காரர் டல்லாஸில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை வந்து குழாய்களைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி ஜவஹர் சொல்வதுதான் அவருக்கு வேதம். ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. தல்ஹாவின் தங்கை ஆஃப்ரீன் பிளஸ் டூவுக்குப் போகிறாள், பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரம். இந்த வீடு கிடைப்பதற்கு முன்னால் தி.நகரிலிருந்து திருவான்மியூர் வரை அவர்கள் ஏறி இறங்காத படி கிடையாது. போனில் "வாங்க சார், இன்னிக்கே பாருங்க" என்பார்கள். பேரைச் சொன்னதும் வீடு காலையிலேயே வேறு யாருக்கோ போயிருக்கும். தல்ஹா இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வான்.

"மச்சி, எங்க பேருக்கு ஒரு பவர் இருக்குடா. சொன்னவுடனே மெட்ராஸ்ல காலியா இருக்கற வீடெல்லாம் ரொம்பிடும்."

இனி குப்பைக்கு வருகிறேன்.

இளைஞர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். விழிப்புணர்வு எங்களுக்கு நிறையவே இருந்தது. மூன்றாம் வகுப்பிலேயே பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வரைந்து மார்க் வாங்கியவர்கள் நாங்கள். ஆனாலும் பசுமைக் குழுவில் யாரும் குப்பைக்காகச் சேரவில்லை. ஜெசிகா ஜெர்மனியில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள், அதில் 'சமூகப் பணி' என்று ஒரு பகுதி காலியாகக் கிடந்தது. அதை அவள் மறைக்கவில்லை. காஸ்பர் ஜெசிகாவுக்காகச் சேர்ந்தான். அதை அவன் மறைத்தான், எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு வெயில் வந்த பிறகு தூக்கம் பிடிக்காது. இரவெல்லாம் உணவு டெலிவரி கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, கிரேவி கொட்டிவிட்டது, சட்னி வரவில்லை என்று டைப் அடிப்பவர்களிடம் வருத்தம் தெரிவிப்பதுதான் என் வேலை. இன்ஜினியரிங்கை இரண்டாம் வருடத்தில் விட்டவனுக்கு அதுதான் கிடைத்தது. விடிந்து வீட்டுக்கு வந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். அதற்குக் குப்பை தேவலை.

தல்ஹா இந்தக் கட்டடத்துப் பையன்களில் ஒருவனாக இருக்க ஆசைப்பட்டான். அவ்வளவுதான்.

மாடிப்படிக்குக் கீழே, ஜெனரேட்டர் வைப்பதற்காகக் கட்டி ஜெனரேட்டர் வராமலே போன ஓர் அறை இருந்தது. வடிவேலு அதில் பழைய பேப்பரும் காலி பாட்டிலும் போட்டு வைத்திருப்பார். எந்த ஃபிளாட்டிலும் அது வாட்ச்மேனுடைய மாமூல், யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. நாங்கள் சுற்றுச்சூழலின் பேரால் மீறினோம். "படிச்ச புள்ளைங்க கேக்குறீங்க, எடுத்துக்குங்க" என்றார் வடிவேலு. அன்றிலிருந்து நான் காலையில் கேட்டுக்குள் நுழையும்போது, வணக்கம் சொல்வதற்குப் பதில் அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

அறைக் கதவில் ஜெசிகா ஒரு படம் ஒட்டினாள். மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான குப்பை. அதற்குக் கீழே யாரோ பேனாவால் 'மக்குக் குப்பை: காஸ்பர்' என்று எழுதினார்கள். ஞாயிறு காலைகளில் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்து பிரிப்போம். தல்ஹாதான் எங்களில் மெதுவானவன். ஒரு ஷாம்பு பாட்டிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜெஸ், இது எதுல போடணும்?" என்பான். அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். காஸ்பர் அவனைப் பொறாமையாகப் பார்ப்பான்.

இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒருநாள் காலை நான் வேலை முடிந்து வரும்போது, தெருமுனையில் எங்கள் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டி நின்றிருந்தது. பக்கத்தில் பெரிய லாரி. ஒப்பந்தக் கம்பெனி சட்டை போட்ட அக்கா ஒருத்தர் பேட்டரி வண்டியின் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி லாரிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பச்சை, நீலம், மறுபடி பச்சை. எல்லாம் ஒரே குழியில் விழுந்து, ஒரே தகடு வந்து எல்லாவற்றையும் உள்ளே அழுத்தியது.

"அக்கா, இது நாங்க பிரிச்சுக் குடுத்ததாச்சே."

"நீ பிரிச்சே நைனா, நான் இல்லேங்கல. லாரிக்கு ஒரே வாய்தான கீது."

"அப்போ எதுக்குப் பிரிக்கச் சொல்றீங்க?"

"நானா சொன்னேன்? சொன்னவங்களாண்ட போய்க் கேளு. என்னாண்ட வந்து கேட்டுக்கினு நிக்கிற."

கையை உதறிவிட்டு அவர் அடுத்த தொட்டியைத் தூக்கினார். நான் அதை வீடியோ எடுத்து எங்கள் குரூப்பில் போட்டேன். ஜெசிகா அழுதாள். விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று அழுதாளா, உண்மையாகவே அழுதாளா என்று எனக்குத் தெரியாது, இரண்டும் இருந்திருக்கலாம். "அப்போ சன்டே தூங்கலாம்ல?" என்று காஸ்பர் கேட்டான். குழு அத்தோடு முடிந்திருக்கவேண்டும்.

"எனக்கு ஒரு ஆள் தெரியும்," என்றான் தல்ஹா. "பேப்பர், பிளாஸ்டிக், பாட்டில் எல்லாம் எடுத்துப்பாரு."

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மீன்பாடி வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் பேர் தங்கவேல். மூட்டைகளை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டு போவார், தல்ஹாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி. மூன்றாவது வாரமோ என்னவோ, ஒரு மூட்டை சரிந்தபோது அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. "தம்பி, கொஞ்சம் அண்டக் குடு. சின்ன மொதலாளி, உன்னத்தான்."

தல்ஹா திரும்பவில்லை. நானும் எதுவும் கேட்காதவன்போல இருந்தேன். ஜெசிகாவும் காஸ்பரும் உள்ளே இருந்தார்கள்.

அன்றைக்கே அவனை எலியட்ஸ் பீச்சுக்கு இழுத்துக்கொண்டு போனேன். சனிக்கிழமைக் கூட்டம். வறுத்த மீன் வாசனை, பேபி கார்னில் எலுமிச்சம்பழம் தேய்க்கிற வாசனை. மதில்மேல் உட்கார்ந்தோம்.

"கடை எங்கடா?"

கடலைப் பார்த்தபடி சொன்னான். "அடையார்ல. சந்துக்குள்ள."

"மெட்டல் பிசினஸ்னு உங்க வாப்பா சொன்னாரு?"

"இரும்பு மெட்டல்தானடா."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு சொல்றது? ஸ்கூல்ல எனக்கு காயலான்னுதான் பேரு. சார் அட்டெண்டன்ஸ்ல தல்ஹான்னு கூப்பிட்டா, பின்பெஞ்சுலேர்ந்து பழைய பேப்பர், ஈயம், பித்தாளைன்னு கத்துவானுங்க. சாரும் சிரிப்பாரு. டிசி வாங்கற வரைக்கும் அதான் பேரு. இந்த பில்டிங்குலதான்டா நான் தல்ஹாவா இருக்கேன்."

"அதுக்காக ஷாம்பு பாட்டில எதுல போடணும்னு ஜெசிகாகிட்ட கேக்கணுமா?"

"நீங்கல்லாம் கேக்கறீங்க. நான் மட்டும் கேக்கலேன்னா?"

சென்னையில் பழைய சாமான் வாங்குகிற கடைக்குக் காயலாங்கடை என்றுதான் பேர். அது எந்த ஊரின் பேரிலிருந்து வந்தது என்று தல்ஹாவின் வாப்பாவுக்குத் தெரியும், அவருடைய குடும்பம் அந்த ஊரிலிருந்து வந்ததுதான். மற்ற எல்லோருக்கும் அது ஒரு வசவு. ஓடாத ஸ்கூட்டர் காயலாங்கடை. பெண் வீட்டார் கொண்டுவந்த பழைய பீரோ காயலாங்கடை. நான் கல்லூரியை விட்டபோது என் மாமா என்னைப் பார்த்து அம்மாவிடம் சொன்னதும் அதைத்தான். "இவனக் காயலாங்கடையிலகூட எடுக்க மாட்டான் ஜூலி."

ஒரு தொண்டு நிறுவனம் ஃபிளாட்டுகளுக்குப் போட்டி வைத்தது. குப்பையைச் சிறப்பாகக் கையாளும் குடியிருப்பு. ஜெசிகா எங்கள் பேரைக் கொடுத்தாள். நடுவராகக் கதர்ப் புடவை கட்டிய ஓர் அம்மாவும், போட்டோ எடுக்க ஒருவரும் வந்தார்கள். என் அம்மா பிஸ்கட் தட்டோடு நின்றாள். ஜவஹர் துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார், சற்றுத் தள்ளி ஷரஃபுதீன். அறையைப் பார்த்து, மூட்டைகளைப் பார்த்து, படத்தைப் பார்த்து, காஸ்பர் பற்றிய வரியையும் படித்துச் சிரித்துவிட்டு அந்த அம்மா கேட்டார்.

"எல்லாம் சரி. இதையெல்லாம் கடைசியா யார் எடுத்துக்கறாங்க? அதுதான் எங்களுக்கு முக்கியம். நெறைய இடத்துல பிரிக்கறாங்க, அப்புறம் அது லாரில ஒண்ணாப் போயிடுது."

"ஆதரைஸ்டு ரீசைக்ளர் மேம்," என்றாள் ஜெசிகா.

"பேரு?"

ஜெசிகா என்னைப் பார்த்தாள். காஸ்பர் மேற்கூரையைப் பார்த்தான். அந்த அம்மா பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தார். பேர் இல்லாவிட்டால் போட்டியில் இடம் இல்லை என்று அந்தப் பேனாவைப் பார்த்தாலே தெரிந்தது.

"எங்க வாப்பா கடைதான் மேம்," என்றான் தல்ஹா.

"அப்படியா? என்ன கடை?"

ஸ்கிராப் டிரேடர்ஸ் என்று சொல்லியிருக்கலாம். மெட்டல்ஸ் என்று சொல்லியிருக்கலாம், அவன் வாப்பா எங்களிடம் சொன்ன மாதிரி. எல்லா வார்த்தையும் அவனுக்குத் தெரியும். ஜெசிகாவின் பொய்யைச் சரிக்கட்ட நினைத்தானா, இத்தனை நாள் நடித்தது சலித்துவிட்டதா, அந்த அம்மா சிரித்த முகத்தோடு கேட்டதில் ஏமாந்துவிட்டானா, தெரியவில்லை.

"காயலாங்கடை," என்றான்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியே எழுதிக்கொண்டார். அவன் தோளில் கைவைத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் ஜவஹர் ஷரஃபுதீனைத் திரும்பிப் பார்ப்பதும் அந்தப் படத்தில் விழுந்திருக்கிறது.

பரிசு எங்களுக்குத்தான் கிடைத்தது. ஒரு ஷீல்டும், உரம் தயாரிக்கிற பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றும். வாட்ஸ்அப்பில் ஒருநாள் முழுக்கக் கைதட்டல். ஜெசிகா சான்றிதழை ஸ்கேன் செய்து ஜெர்மனிக்கு அனுப்பினாள். அம்மா ஷீல்டை லிஃப்ட் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டச் சொன்னாள். இரண்டு வாரம் கழித்து ஏரியாவில் இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகையில் செய்தி வந்தது. 'காயலாங்கடை கற்றுத் தந்த பாடம்: பரிசு வென்றது பெசன்ட் நகர் குடியிருப்பு.' எங்கள் கட்டடத்தின் முகப்பு, பேர்ப்பலகையோடு பெரிய படமாக. ஓரத்தில் சின்னதாகத் தல்ஹா. எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஷரஃபுதீனைப் பற்றி நல்லபடியாகவே எழுதியிருந்தார். ஷரஃபுதீன் அதை லேமினேட் செய்து கடையில் மாட்டினார்.

அதன்பிறகு எங்கள் கட்டடத்துக்கு வேறு பேர் இல்லை.

முதலில் ஆட்டோ ஸ்டாண்டில் தொடங்கியது. அம்மா மயிலாப்பூரிலிருந்து வருவதற்காக ஆட்டோ பிடித்து, வேளாங்கண்ணி கோயிலுக்குப் பக்கத்துத் தெரு என்று வழி சொல்லியிருக்கிறாள். "இன்னா டீச்சர் இம்மாம் நேரம் வழி சொல்லிக்கினு. காயலாங்கடை ஃபிளாட்ஸ்னு சொன்னா தெரியாதா?" என்றாராம் டிரைவர். வீட்டுக்கு வந்து அம்மா சாப்பிடவில்லை. அப்புறம் டெலிவரி பையன்கள். அப்புறம் ஒருநாள் என் வேலையிலேயே, புகார் கொடுத்த ஒருவரின் முகவரி என் திரையில் வந்தது. எங்கள் தெருதான். அடையாளம் என்ற இடத்தில், 'காயலாங்கடை ஃபிளாட்ஸ் எதிரில்.' அவருக்குப் பரோட்டா ஆறிப்போய் வந்திருந்தது. வருத்தம் தெரிவித்தேன்.

ஜவஹரின் மகன் அண்ணா நகரில் வீடு வாங்கப்போகிறான். அதற்கு இந்த வீட்டை விற்றாகவேண்டும். பார்க்க வந்த ஒரு குடும்பம் பால்கனியிலிருந்து தெரிகிற ஒரு துண்டுக் கடலை ரசித்துவிட்டு, இறங்கும்போது ஷீல்டைப் பார்த்துவிட்டது. "சார், இதுதான் அந்தக் காயலாங்கடை ஃபிளாட்ஸா?" மறுநாள் புரோக்கர் போன் செய்து, பார்ட்டிக்கு வாஸ்து சரியில்லையாம் என்றார். ஜவஹர் அன்றைக்கே ஷீல்டைக் கழற்றினார். ஆணி மட்டும் இருந்தது. மறுநாள் குரூப்பில் கூட்டத்துக்கான அறிவிப்பு வந்தது.

"ஷரஃபுதீன் பாய், தப்பா எடுத்துக்காதீங்க," என்று ஜவஹர் கூட்டத்தைத் தொடங்கினார். "உங்க மேல யாருக்கும் ஒண்ணும் கெடையாது. ஆனா ரெசிடென்ஷியல் பில்டிங்ல கமர்ஷியல் ஆக்டிவிட்டி நடக்கக்கூடாதுன்னு நம்ம சங்கத்து பைலால இருக்கு. உங்க கடை வண்டி வாராவாரம் உள்ள வருது. சரக்கு ஏத்துது."

"இனிமே வராது சார்," என்றார் ஷரஃபுதீன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. "நான் இந்த பில்டிங்ல யார்கிட்டயும் கடைப் பேர் சொன்னதில்ல. பையன் சின்னவன், வாய் தவறி வந்துடுச்சு. மன்னிச்சுக்குங்க."

"வாய் தவறல," என்றான் தல்ஹா.

"நீ சும்மா இரு."

"கேட்டாங்க, சொன்னேன் வாப்பா. அது நம்ம கடைதான?"

"சும்மா இருன்னேன்ல."

ஜவஹர் ஜெசிகாவைப் பார்த்தார். "நீதானம்மா குழுவுக்கு லீடர். நீ சொல்லு. இதுக்கு யார் பர்மிஷன் குடுத்தது?"

ஜெசிகாவுக்கு ஜெர்மனியிலிருந்து இடம் கிடைத்துவிட்டிருந்தது. அவள் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அங்கிள், டெக்னிக்கலி நான் ஆதரைஸ்டு ரீசைக்ளர்னுதான் சொன்னேன். கடை தல்ஹாவோடதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்."

அவள் சொன்னது பொய் இல்லை. தல்ஹா அவளைப் பார்க்கவில்லை. காஸ்பர் அவள் பக்கத்தில் தலையாட்டினான்.

"ஆன்ட்டி, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். அம்மாவைக் கூட்டத்தில் ஆன்ட்டி என்று கூப்பிட்டது வேண்டுமென்றேதான். "கமர்ஷியல்னா, தெனம் சாயங்காலம் நம்ம வீட்டு வாசல்ல செருப்பு மலை மாதிரி கெடக்கே, அது என்ன?"

"அது டியூஷன்."

"ஃபீஸ் வாங்கறீங்கள்ல?"

"அது கல்வி." அம்மாவின் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது.

"நம்ம எதிர் வீட்ல கேக் பண்ணி விக்கறாங்க. அது கல்வியா? ஜவஹர் அங்கிள் மொட்டை மாடில செல்போன் டவர் வைக்க ஆள் கூட்டிட்டு வந்தாரு, அது பக்தியா?"

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திவிட்டார்கள்.

"லாய்ட், மேல போ," என்றாள் அம்மா. "காலேஜ விட்டவனுக்கெல்லாம் இங்க ஓட்டு கெடையாது."

"ஓட்டு கேக்கல. மாடிப்படிக்குக் கீழ இருந்த குப்பை நம்ம குப்பை. இவங்க வீட்டுது இல்ல. அத எடுத்துட்டுப் போனது மட்டும்தான் இவங்க பண்ண தப்பு."

"மேல போன்னு சொன்னேன்."

ஜவஹர் கையை உயர்த்தினார். சமாதானம் செய்கிற கை. "சரி, சண்டை வேணாம். பாய், ஓனர்ஸ் மட்டும் கொஞ்சம் பேசிக்கறோம். நீங்க மேல இருங்க, சொல்லி அனுப்பறேன்."

ஷரஃபுதீன் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி, சுவரோரம் காலியாக இருந்த நாற்காலிகளின் மேல் அடுக்கி வைத்தார். அவரும் தல்ஹாவும் நானும் படி ஏறினோம். லிஃப்டில் போகலாம் என்று மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

யாரும் சொல்லி அனுப்பவில்லை. அன்று சாயங்காலம் ஜவஹர், ஒப்பந்தத்தை நீட்டிக்கவேண்டாம் என்று டல்லாஸுக்கு ஒரு கடிதம் எழுதி, ஆங்கிலத்தைச் சரிபார்க்க எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்தார். அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு இடத்தில் திருத்தினாள்.

"எனக்கு மட்டும் சந்தோஷமாடா?" என்றாள் அவர் போன பிறகு. "பிஎஃப் மொத்தத்தையும் போட்டு வாங்கின வீடு இது. உங்க அப்பா போனப்பறம் எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். நாளைக்கு நான் போனா உனக்கும் இது ஒண்ணுதான். வேற என்ன வெச்சிருக்க நீ?"

அவள் சொன்னதும் பொய் இல்லை. எங்கள் கட்டடத்தில் அந்த வாரம் யாரும் பெரிதாகப் பொய் சொல்லவில்லை.

டல்லாஸிலிருந்து பதில் சீக்கிரமே வந்தது. வீட்டைப் புதுப்பிக்கப் போவதாகவும், ஷரஃபுதீன் குடும்பத்தின் ஒத்துழைப்புக்கு நன்றி என்றும். மாடிப்படிக்குக் கீழ் இருந்த அறையை வடிவேலு எடுத்துக்கொண்டார். படத்தைக் கிழித்துப் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டினார். மறுநாள் காலை எனக்கு வணக்கம் சொன்னார்.

அந்த வாரத்திலேயே ஒருநாள், நான் வேலை முடிந்து வரும்போது பேட்டரி வண்டி எங்கள் கேட்டுக்கு முன்னால் பாட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருந்தது. ஜெசிகா வீட்டில் வேலை செய்பவர் ஒரு பை கொண்டுவந்து போட்டார். எல்லாம் ஒன்றாக. காஸ்பர் வீட்டிலும் அப்படித்தான். அவர்களைச் சொல்வானேன், எங்கள் வீட்டுப் பையும் முதல் நாள் அப்படித்தான் போயிருந்தது.

தல்ஹா இறங்கி வந்தான். கையில் பெரிய கறுப்புப் பை. வாய் சரியாகக் கட்டாமல் இறால் தோலும், பால் கவரும், முட்டை அட்டையும், கூல் டிரிங்க் பாட்டிலும் வெளியே தெரிந்தன. அவர்கள் வீட்டிலிருந்து அப்படி ஒரு பை நான் பார்த்ததில்லை. குழு வருவதற்கு முன்னாலும் பார்த்ததில்லை.

"இன்னா தம்பி, பிரிக்கலையா?" என்றார் வண்டி அக்கா.

"இல்லக்கா."

"ஃபைன் போடுவாங்கப்பா."

"போடட்டும்க்கா."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு அதை நீலத் தொட்டியில் போட்டார். பச்சைத் தொட்டி நிரம்பியிருந்தது.

அவன் பின்னாலேயே படி ஏறினேன். "மச்சி, கடைக்காவது எடுத்துட்டுப் போகலாம்ல. உங்க வாப்பா பாத்தா திட்ட மாட்டாரா?"

"வாப்பாதான்டா கட்டிக் குடுத்தாரு."

நான் நின்றுவிட்டேன். அவன் ஏறிக்கொண்டே சொன்னான்.

"ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டாரு. உம்மா கேட்டாங்க, என்ன பண்றீங்கன்னு. இருக்கற வரைக்கும் எல்லார் மாதிரியும் இருந்துட்டுப் போவோம்னாரு."

மூன்றாம் மாடி வந்துவிட்டது. கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஆஃப்ரீன் எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள், வேதியியல் மாதிரி இருந்தது.

"மே வரைக்கும் டைம் இருக்குடா. நான் அம்மாகிட்ட மறுபடி பேசறேன்."

"அந்த லெட்டர ஓனர் எங்களுக்கு அனுப்பி வெச்சாரு. ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் கெடையாதுடா. உங்க அம்மாவுக்குச் சொல்லு."

"வேற வீடு பாப்போம். நானும் வரேன்."

"வா. உன் பேரச் சொல்லிக் கேளு." அவன் சிரித்தான். பழைய ஜோக்கைச் சொல்லும்போது சிரிக்கிற சிரிப்பு அது இல்லை. "கெடச்சா நீயே இருந்துக்கோ. நாங்க கடைக்கு மேல இருக்கற ரூமுக்குப் போறோம். ஆஃப்ரீன் பஸ்ல வருவா."

"நான் அன்னிக்குக் கூட்டத்துல பேசினேன்டா."

"பேசின. அப்புறம் வீட்டுக்குப் போய்த் தூங்கின." அவன் குரலில் கோபம் இல்லை. பாட்டில் எதில் போடவேண்டும் என்று கேட்கிற அதே குரல். "தப்பில்ல மச்சி. உனக்கு அங்க வீடு இருக்கு, தூங்கற."

உள்ளேயிருந்து அவன் உம்மா ஜஹீதா கேட்டார், "யாருடா வாசல்ல?"

"யாருமில்ல உம்மா," என்றான்.

உள்ளே போனான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு பூட்டில் சாவி ஒருமுறை திரும்பியது, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு முறை.